பால்புட்டி அவுன்ஸ்

மொக்கையன் பால்புட்டி வாங்கப் போன அன்றைக்கென்று மருந்துக்கடையில் கூட்டம் நெரிந்தது. அவன் ராசி அப்படி. வண்டிப்பெரியார் பஜாரில் யாருக்கும் தெரியாமல் ஒரு வெற்றிலைக் காம்பைக்கூடக் கிள்ள முடியாது. கல்யாணமாகாத நாற்பது வயதுக்காரன் பால்புட்டி கேட்டால் விடுவார்களா?

"எத்ர மாசமாயி குட்டிக்கு?" என்று கடைக்காரர் மலையாளத்தில் அன்பாக விசாரித்தார்.

"குழந்தைக்கு இல்ல சேட்டா. அவுன்ஸ் அளக்கணும்."

"எல்லாப் பிள்ளையும் அவுன்ஸ் அளந்துதான்யா குடிக்குது" என்றார் பின்னால் நின்ற லாரி டிரைவர். கடையே குலுங்கியது. மொக்கையன் புட்டியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான். சட்டைக்குள் செருகினது இன்னும் மோசமாகத் தெரிந்தது.

அவன் சொன்னது சத்தியம். பாலத்தைத் தாண்டி மேட்டில் அவன் ஸ்டுடியோ. முன்னறையில் அன்னப்பறவை மிதக்கும் குளம் வரைந்த திரை, நடு அறையில் கட்டில், அதற்கடுத்து அடுப்படி, ஒரு மூலையில் பலகை அடித்து மறைத்த இருட்டறை. அந்த இருட்டறையில் ஒரு புத்தகம் இருந்தது. தேயிலை எஸ்டேட்டின் மேல் டிவிஷன் பங்களாவில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் சீமைக்குக் கிளம்பியபோது சாமான்களை ஏலம் விட்டார்கள். மொக்கையன் படத்தைப் பெரிதாக்குகிற ஒரு பழைய என்லார்ஜரை எடுத்தான். அது வந்த மரப்பெட்டியின் அடியில், தடித்த அட்டை போட்ட அந்தப் புத்தகமும், பைரோ என்று எழுதிய தகர டப்பாக்களும் கிடந்தன. படம் கழுவுகிற மருந்துகளை எப்படிக் கூட்டுவது என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தது. முதல் உலகச் சண்டைக்கு முன்னால் அச்சடித்த புத்தகம்.

மொக்கையனுக்கும் இங்கிலீஷுக்கும் எட்டாம் வகுப்போடு உறவு முறிந்திருந்தது. ஆனாலும் மருந்து டப்பா எழுத்தும் புத்தக எழுத்தும் ஒன்றுக்கொன்று சொந்தக்காரர்கள்தானே. அதை இதோடு வைத்துப் பார்த்து, இதை அதோடு வைத்துப் பார்த்து, வேண்டிய பக்கங்களைப் படிக்கப் பழகிக்கொண்டான். முன்பெல்லாம் கோட்டயத்திலிருந்து டெவலப்பர் பாக்கெட் வரும். அந்தப் புத்தகம் ஜன்னல் ஆடாமல் முட்டுக் கொடுக்கத்தான் பயன்பட்டது. எழுபத்து நாலில் பாக்கெட் வருவது நின்றது. ஜன்னல் ஆட ஆரம்பித்தது.

புத்தகத்தில் ஒரே தொல்லை, அளவு. கிராம் கிடையாது, மில்லி கிடையாது. எல்லாம் கிரெயின், அவுன்ஸ். கிரெயினுக்கு நகை ஆசாரியிடம் ஒரு சின்னத் தராசும் கைப்பிடி குன்றிமணியும் வாங்கினான். ஒரு குன்றிமணியை இரண்டு கிரெயின் என்று வைத்துக்கொள்ளலாம் என எஸ்டேட் டிஸ்பென்சரி கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அவுன்ஸுக்குத்தான் வழியில்லை. நாடு முழுக்க லிட்டருக்கு மாறிவிட்டது, குழந்தைகள் மட்டும் மாறவில்லை. பஜாரில் அவுன்ஸ் கோடு போட்ட கண்ணாடிச் சாமான் பால்புட்டி ஒன்றுதான்.

அதை அவன் இருட்டறை அலமாரியில் துணி போட்டு மறைத்து வைத்திருந்தான். வருகிறவர் கண்ணில் படக்கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

புட்டியை மறைக்கலாம், விரலை எங்கே மறைப்பது? பைரோ மருந்து படத்திலும் கறை ஏற்றும், தொட்டவன் கையிலும் கறை ஏற்றும். படத்தில் ஏறுகிற கறை நல்லது, முகத்துக்கு ஒரு சதைப்பிடிப்பு கொடுக்கும். விரலில் ஏறுகிறது யாருக்கு நல்லது? நகமெல்லாம் கறுத்து, நகக்கண்ணில் காபிக்கொட்டை நிறம் படிந்து, பார்க்கிறவர்களுக்கு ஏதோ வியாதி மாதிரி இருக்கும். டீக்கடையில் அவன் குடித்த கிளாஸை மட்டும் வெந்நீரில் இரண்டு தடவை அலசுவார்கள். அப்போதெல்லாம் மொக்கையன் ரோட்டில் போகிற பஸ்ஸைக் கவனமாகப் பார்ப்பான், பஸ்ஸே போகாவிட்டாலும்.

ஊர் அவனைப் பார்த்து முகம் மலர்ந்து சிரித்ததெல்லாம் இருட்டறைத் தட்டில்தான். சிவப்பு விளக்குக்கு அடியில், தண்ணீருக்குள்ளிருந்து ஒவ்வொரு முகமாக எழுந்து வந்து அவனைப் பார்த்துப் பல்லைக் காட்டும். "என்ன, சௌக்கியமா?" என்று அவனும் கேட்பான். காய்ந்த பிறகு கவரில் போட்டுக் கொடுத்துவிடுவான்.

ஆனி மாத மழையில் சந்தனம் வந்தார். சந்தனம் கல்யாணத் தரகர். அந்த ஊரில் குடை வாங்காமலே நனையாமல் வாழ்கிற ஒரே மனிதர்; எப்போதும் யாராவது ஒருவருடைய குடைக்குள் இருப்பார்.

"மொக்கையா, இதுதான் கடைசி. இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் தொழில விட்டுட்டுக் காவி கட்டிருவேன்" என்று ஒரு படத்தை நீட்டினார்.

மொக்கையன் படத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். "ஹைப்போ மருந்தச் சரியா அலசல. ஓரத்துல மஞ்சத் தட்டுது."

"பொண்ணு எப்படிடான்னா, அலசல தட்டுதுங்கிறான்! மொகத்தப் பாருடா."

வேலுத்தாய். பாம்பனாறு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளுகிறவள். தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு, தனக்கென்று யோசிக்கும்போது முப்பது தாண்டியிருந்தது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எடுத்தவன் முகத்தை மெழுகுப் பொம்மையாகத் திருத்திவிட்டான், கையைத் திருத்த மறந்துவிட்டான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் கறுத்திருந்தன. மொக்கையன் முகத்தை விட்டுவிட்டு அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கெழம அவ தாய்மாமன் செல்லத்துரையும் அத்தையும் வீடு பாக்க வர்றாக. அடுத்த வாரம் ஆடி பொறந்துரும். அப்பொறம் ஒரு பய கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டான். வீடு புடிச்சுச்சுன்னா கை நனைப்பாக. புடிக்கலன்னா பச்சத் தண்ணி தொட மாட்டாக. சாப்பாடு தயாரா இருக்கட்டும்."

"என் கையப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னா வருவாகளாடா?"

பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி. இதற்கு முன் வந்தவர்கள் யாரும் தண்ணீர்ச் சொம்பைக்கூட வாங்கவில்லை. மொக்கையன் அன்றைக்கே புத்தகத்தைப் புரட்டினான். கடைசிப் பக்கங்களில் கைக்கறை போக்கவும் மருந்து போட்டிருந்தது. வெள்ளைக்காரனுக்கும் பெண் பார்க்கிற தொல்லை இருந்திருக்கும் போல.

கிணற்றுக்குப் போடுகிற ஊதா மருந்தைக் கம்பவுண்டரிடம் கெஞ்சி வாங்கி, குன்றிமணி போட்டு நிறுத்து, பால்புட்டியில் தண்ணீர் அளந்து கரைத்துக் கையை முக்கினான். எடுத்தால், மணிக்கட்டு வரைக்கும் புளியங்கொட்டை நிறம்! ஏலத்தில் சாமானை அடிமாட்டு விலைக்கு எடுத்ததற்கு அந்த மேனேஜர் சீமையிலிருந்தே பழிவாங்கிவிட்டார் என்றுதான் நினைத்தான். ஆனால் அடுத்த வரியில் இரண்டாவது மருந்து இருந்தது. ஹைப்போவில் போடுகிற புளிப்புத்தூளைக் கரைத்து முக்கினான். கறை மொத்தமாகக் கழன்று ஓடியது. தோலும் கொஞ்சம் சேர்ந்து உரிந்தது, அதனால் என்ன? கைகள் பள்ளிக்கூட வாத்தியார் கை மாதிரி வெளுத்திருந்தன.

டீக்கடைக்குப் போய், பத்து விரலும் தெரிகிற மாதிரி கிளாஸைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். யாரும் கவனிக்கவில்லை. கிளாஸை வழக்கம்போல இரண்டு தடவை அலசினார்கள்.

இனி ஞாயிறு வரை மருந்தைத் தொடுவதில்லை. "வெளியூர் சென்றுள்ளேன்" என்று அட்டையில் எழுதி முன்கதவில் மாட்டிவிட்டு, உள்ளே கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டான்.

சனிக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். மொக்கையன் மூச்சுக்காட்டவில்லை.

"அண்ணே, உள்ளதான் இருக்கீக. ரேடியோ பாடுது."

கீழ் டிவிஷனில் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற பெரியமுத்து நின்றான். தலையில் போட்ட சாக்கிலிருந்து தண்ணீர் ஒழுகியது. காலையில் அவன் பெண்சாதி ராசம்மாள் காய்ச்சலில் போய்விட்டாள்.

"ஒரு போட்டோகூட எடுத்ததில்லண்ணே. கல்யாணத்துக்கும் எடுக்கல. பொறவு எடுக்கலாம், பொறவு எடுக்கலாம்னுட்டே..." அவன் முடிக்கவில்லை. "மொகம் மட்டும் விழுந்தாப் போதும்."

மொக்கையன் கேமராவை எடுத்தான். எடுப்பது எடுப்போம், கழுவுவதைத் திங்கட்கிழமைக்கு வைத்துக்கொள்வோம் என்பது அவன் கணக்கு.

லயத்து வரிசை வீட்டு வாசலில் ராசம்மாளைக் குளிப்பாட்டி, நாற்காலியில் சாய்த்து, விழுந்துவிடாமல் இடுப்பில் துணியால் கட்டி உட்காரவைத்திருந்தார்கள். மழை மூட்டத்தில் பகலே கருக்கல் மாதிரி கிடந்தது. கொண்டுபோன பிளாஷ் பல்புகள் ஈரத்தில் நமத்துப்போய் ஒன்றுகூட வெடிக்கவில்லை. ஸ்டாண்டில் கேமராவை நிறுத்தி, மூடியைத் திறந்து, உத்தேசமாக மனதுக்குள் எண்ணி மூடினான். அசையாமல் உட்காருங்கள் என்று சொல்லத் தேவையில்லாத ஆள்.

"விழுந்திருக்குமாண்ணே?"

"வெளிச்சம் பத்தாது. கழுவிப் பாத்தாத்தான் தெரியும்."

"நாளக் காலையில மயானத்துக்குத் தூக்குறோம். விழலன்னு சொல்லிவிட்டீகன்னா, புதைக்குறதுக்கு முந்தி இன்னொன்னு எடுத்துருவோம்."

மொக்கையன் தன் வெளுத்த கைகளைப் பார்த்தான். திங்கட்கிழமைக் கணக்கு அங்கேயே செத்தது.

சாயங்காலம் இருட்டறையில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டினான். வெளிச்சம் பற்றாமல் எடுத்த படத்துக்கென்று தனியாக ஒரு பைரோக் கூட்டு இருந்தது. மருந்து வெதுவெதுப்பாக இருக்க வேண்டும், அவசரப்படக்கூடாது. துணியை விலக்கிப் பால்புட்டியை எடுத்தான். கோடு கோடாக அளந்து ஊற்றினான். தட்டை வெந்நீர்ச் சட்டிமேல் வைத்தான். கையுறையெல்லாம் டாக்டர் வீட்டுச் சாமான். பிலிம் சுருளை இரண்டு முனையிலும் வெறுங்கையால் பிடித்து, மருந்துக்குள் ஏற்றியும் இறக்கியும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். உரிந்த தோலில் மருந்து சுரீர் என்றது. ஏற்றினான், இறக்கினான். கை ஓய்ந்தது. மங்கிய பச்சை விளக்கை ஒரு நொடி போட்டுப் பார்த்தால் ஒன்றுமில்லை. வெறும் பால் நிறம். மறுபடி ஆட்டினான். அடுத்த தடவை நாற்காலிக் கால் தெரிந்தது. அதற்குப் பிறகு சேலைக்கரை. நெற்றி. மூக்கு.

"வந்துட்டா" என்று சத்தமாகச் சொன்னான். கேட்க ஆள் இல்லை.

படத்தைத் தொங்கவிட்டுவிட்டு, பழுப்பேறிய பால்புட்டியை அடுப்படிக்குக் கொண்டுபோய் வெந்நீரில் கழுவி, காயட்டும் என்று ஜன்னலில் கவிழ்த்தான். கீழ் டிவிஷனுக்குப் போகிற ஒருவரிடம் "மொகம் விழுந்துருச்சுன்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டான். அப்புறம்தான் கையைப் பார்த்தான். உரிந்த தோலில் பைரோ முன்னைவிட இரட்டிப்பாக ஏறியிருந்தது. ஊதா மருந்து தீர்ந்துவிட்டது. டிஸ்பென்சரி ஞாயிற்றுக்கிழமை திறக்காது.

காலையில் பக்கத்து வீட்டு மதலேனம்மாள் மாதா கோயில் பூசை முடிந்து சமைக்க வந்தாள். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் ஆயா, புருஷனில்லாதவள், அவன் வயதுதான். ஊரில் மொக்கையனிடம் படம் சம்பந்தமில்லாத பேச்சும் பேசுகிறவள் அவள் ஒருத்தி. கையைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டாள்.

"என்னண்ணே இது! நேத்து வரைக்கும் வெள்ளச்சோறு மாதிரி இருந்துச்சே!"

மொக்கையன் நடந்ததைச் சொன்னான். அவள் கரண்டியை எடுத்துக் கழுவினாள். "பேசாம கைய வேட்டி மடிப்புக்குள்ள விட்டுக்கங்க. மிச்சத்தக் கோழிக்கொழம்பு பாத்துக்கிரும்" என்றாள்.

சந்தனம் இரண்டு பேரையும் ஒரே குடையில் அழைத்து வந்தார். அதாவது, அவர்கள் குடைக்குள் அவரும் வந்தார். செல்லத்துரை உருண்டு திரண்ட மனிதர். அவர் சம்சாரம் ஒல்லியாக, கண்ணால் வீட்டை அளந்துகொண்டே வந்தாள். அன்னப்பறவைத் திரையை மெச்சினார்கள். மழையைத் திட்டினார்கள். மொக்கையன் கை மடிப்புக்குள்ளேயே இருந்தது.

"என்ன மாப்ள, குளுருதா? கைய வெளிய விடுறதே இல்ல?"

வேறு வழியில்லை. நீட்டினான். செல்லத்துரை பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சந்தனம் உத்தரத்தை எண்ண ஆரம்பித்தார்.

"படம் கழுவுற மருந்துங்க. வியாதி இல்ல."

"யாரு வியாதின்னா? எங்க லயத்துப் பொம்பளைக கையி இதவிடக் கறுப்பு. கொழுந்துக் கறை, சாம்பலப் போட்டுத் தேச்சாலும் போவாது. கறை இல்லாத கையி வேல வாங்குற கங்காணி கையிதான்யா!" செல்லத்துரை தொடையைத் தட்டிச் சிரித்தார். "எலையப் போடச் சொல்லுங்க. பசிக்குது."

மொக்கையன் தன் கையைத் தானே திருப்பிப் பார்த்தான். இத்தனை வருஷம் எதற்குப் பயந்தோம் என்றே புரியவில்லை. இலை விரித்தான். தண்ணீர் தெளித்தான். உப்பு வைத்தான். அவசரத்தில் உப்பு மூன்று இடத்தில் விழுந்தது.

அத்தைக்காரி கை கழுவ அடுப்படிப் பக்கம் போனாள்.

"ஏம்மா, இது யாரு பால்புட்டி?"

முன்னறையிலிருந்து மொக்கையன், "அது மருந்து அளக்குறதுங்க" என்றான். அதே மூச்சில் அடுப்படியிலிருந்து மதலேனம்மாள், "அது எங்க காப்பகத்துதும்மா, நாந்தான் மறந்து வச்சிட்டுப் போயிட்டேன்" என்றாள்.

இரண்டு பேரும் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். ஒரே ஆளாவது வாயை மூடியிருந்தால் அந்த வீட்டில் அன்று சோறு இறங்கியிருக்கும்.

அத்தைக்காரி புட்டியைப் பார்த்தாள். அடுப்படியில் சொந்த வீடு மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு நிற்கிற மதலேனம்மாளைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"ரெண்டும் ஒண்ணுதானே" என்று சந்தனம் எதையோ சொல்லி வைத்தார்.

மொக்கையன் இருட்டறைக்குள் ஓடிப் புத்தகத்தைத் தூக்கிவந்து விரித்தான். "இந்தா பாருங்க, அவுன்ஸுன்னு போட்டிருக்கு. பால்புட்டியிலதான் அவுன்ஸ் கோடு இருக்கு. அதான்..."

செல்லத்துரை பக்கத்தை மரியாதையாகப் பார்த்தார். "இங்கிலீஷுல என்ன வேணாலும் போட்டிருக்கும் தம்பி" என்றார்.

மாப்பிள்ளை தம்பி ஆகிவிட்டான். நேற்று இந்தப் புட்டியில்தான் ஒரு செத்த மனுஷிக்கு மருந்து அளந்தேன், அந்த அவசரத்தில்தான் ஜன்னலில் வைத்தேன் என்று தொண்டை வரை வந்தது. நல்ல காரியம் பேச வந்தவர்கள் முன்னால் சாவை எப்படி எடுப்பது? விழுங்கிவிட்டான்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. யோசிச்சுச் சொல்லிவிடுறோம்" என்று அத்தைக்காரி செருப்பை மாட்டினாள். குடை விரிந்தது. அதற்குள் சந்தனமும் போனார்.

மதலேனம்மாள் குழம்பை மூடி வைத்தாள். சட்டியின் மூடி சரியாகத்தான் இருந்தது; இரண்டு தடவை எடுத்து வைத்தாள்.

"நான் வேற ஒண்ணும் நெனச்சுச் சொல்லலண்ணே."

"தெரியும்மா."

"பாம்பனாறுல சொல்லி, அங்கருந்து பேச்சு இங்க வரும். கோயிலுக்கும் வந்து சேரும். இனி நான் இங்கிட்டு வரல. கோவிச்சுக்காதீக."

"சரிம்மா."

அவள் பின்வாசலால் போனாள். எப்போதும் முன்வாசலால் போகிறவள். மொக்கையன் விரித்த இலைகளின் முன்னால் உட்கார்ந்திருந்தான். உப்பு மழைக்காற்றில் கசிந்து நீராகிக்கொண்டிருந்தது. பிறகு எழுந்துபோய், வேலை கிடக்கிறதே என்று, ராசம்மாளின் படத்தைக் காகிதத்தில் போட்டான்.

மத்தியானத்துக்கு மேல் பெரியமுத்து வந்தான். புதைத்துவிட்டுக் குளித்த ஈரம் காயவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை என்றான். படத்தைக் கொடுத்ததும் ஜன்னலோரம் போய் நின்று பார்த்தான். மொக்கையன் தொழில் வழக்கப்படி வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மொகம் நல்லா விழுந்திருக்கு" என்றான் மொக்கையன், திரும்பாமலே.

"ம்."

"கண்ணு மூடியிருக்கேன்னு பாக்குறியா? மையி வச்சுக் கண்ணத் தெறந்த மாதிரி எழுதலாம். எல்லாரும் அப்படித்தான் கேப்பாக."

பெரியமுத்து படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினான். "வேணாம்ணே. வெடியக் கருக்கல்ல எஸ்டேட் சங்கூதுனா எந்திரிச்சு ஓடுனவ. தூங்கட்டும்."

அடுப்படிப் பக்கமிருந்து குழம்பு வாசனை வந்தது. அவன் எச்சில் விழுங்கியதைப் பார்த்தான் மொக்கையன். துக்க வீட்டில் அடுப்பு மூட்டியிருக்க மாட்டார்கள்.

"சாப்புட்டியா?"

"நேத்துக் காலையில..."

விரித்த இலை இருந்தது. மொக்கையன் சோற்றைப் போட்டான், கறுத்த கையாலேயே. பெரியமுத்து கையைப் பார்க்கவில்லை. முதல் உருண்டையை வாயில் வைத்ததும் அழ ஆரம்பித்தான்; அழுதுகொண்டே சாப்பிட்டான்; மறுசோறும் வாங்கினான். மொக்கையன் எதிர் இலையில் தனக்கும் கொஞ்சம் போட்டுக்கொண்டான். மழை பேசிக்கொண்டிருந்தது.

கிளம்பும்போது படத்தைச் சட்டைக்குள் வைத்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெரியமுத்து வாசலில் நின்றான்.

"பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்துருங்கண்ணே."

"வர்றேன். குரூப் போட்டோவா? எத்தன பேரு?"

"போட்டோ இல்லண்ணே. கேமராவெல்லாம் வேணாம். சும்மா வாங்க. சாப்புட வாங்க."

அவன் பாலத்துப் பக்கம் இறங்கிப் போய்விட்டான். மொக்கையன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். எத்தனையோ வீட்டு விசேஷங்களுக்கு, எத்தனையோ துக்கங்களுக்குப் போயிருக்கிறான். எல்லாவற்றையும் கேமராக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறான். கேமரா இல்லாமல் ஒரு வீட்டு வாசலில் எப்படிப் போய் நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. கட்டிக்கொண்டு நிற்கலாமா, பின்னால் கோத்துக்கொள்ளலாமா என்று ஆளில்லாத முன்னறையில், அன்னப்பறவைக் குளத்துக்கு முன்னால், ஒவ்வொரு விதமாக நின்று பார்த்தான்.